திரும்பக் கூப்பிடாத கடை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாத சொல் ஒன்று உண்டு. கெட்ட வார்த்தைகள் அங்கே தாராளமாகப் புழங்கும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. சொல்லக் கூடாதது 'வேணும்' என்ற சொல். வாங்க வந்தவன் சொன்னால் விலை ஏறிவிடும். விற்க வந்தவன் சொன்னால் விலை இறங்கிவிடும். அதனால் இரண்டு தரப்பும், பிறந்ததிலிருந்து எதற்கும் ஆசைப்படாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பழைய மிக்ஸிக்காக அரைப் பகலை ஓட்டுவார்கள்.

அந்த முகத்துக்குப் பேர் போனவன் இரும்புலியூர் சிவகுமார். பழைய ஃபேன், கிரைண்டர், ஃப்ரிட்ஜ் வியாபாரம். தார்ப்பாயின் கீழே சரக்கைப் பரப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தால், கிராக்கி வந்து ஃபேனைத் தொட்டுப் பார்க்கும்போது அவன் தலைக்கு மேலே இறங்குகிற விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"இன்னாப்பா வெல?"

"எது? அதுவாண்ணா? அது விக்கிறதுக்கு இல்ல. வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்னு வெச்சிருந்தேன்."

அவ்வளவுதான். கிராக்கிக்கு அந்த ஃபேன் இல்லாமல் இனி தூக்கம் வராது. பேரம் படியாமல் கிராக்கி கோபித்துக்கொண்டு நடக்கும். சிவகுமார் நடக்க விடுவான். கொய்யாப்பழ வண்டியைத் தாண்டும் வரை விடுவான். அங்கேதான் "யண்ணோவ், இந்தா வா" என்று ஒரு குரல் போகும். முந்திக் கூப்பிட்டால் நமக்கு அவசரம் என்று தெரிந்துவிடும். பிந்திக் கூப்பிட்டால் கூட்டம் ஆளை விழுங்கிவிடும். கூப்பிடும் நேரத்தில்தான் தொழிலே இருக்கிறது.

பக்கத்துக் கடை அவன் அக்கா கங்கையம்மாளுடையது. பழைய பித்தளைக் குழாய், அண்டா, தாழ்ப்பாள். விலை பேசுவதில் தம்பிக்கு மேல். தன் கல்யாணத்தன்று ஐயரிடம் மந்திரத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதாகச் சந்தையில் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை. இரண்டு கடைக்கும் நடுவில், ஒயரும் டெஸ்டருமாக, சிவகுமாரின் பெண்சாதி சந்திரிகா. ஓடும் பொருளா, ஓடாத பொருளா என்பது அவள் சொல்வதுதான்.

ஒரு மழைக்காலத்தில் சிவகுமார் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தனி ஆளாக ஆட்டோவிலிருந்து இறக்கினான். ஃப்ரிட்ஜுக்கு ஒரு கீறல் இல்லை. இவன் இடுப்புதான் போனது. எதிர் வரிசையில் புறா விற்கும் வைத்தீஸ்வரன் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினான்.

"இத்த போடு மச்சான். வலி பறந்துடும்."

பறந்தது. ஆனால் வைத்தியின் சரக்கு எதுவும் ஒரேயடியாகப் பறந்து போவதில்லை. அவன் விற்கிற புறாவைக் கூண்டு திறந்துவிட்டால் மறுநாள் அவன் மொட்டைமாடிக்கே வந்துவிடும். அதையே அடுத்த வாரம் வேறு ஆளுக்கு விற்பான். மாத்திரையும் அப்படித்தான். வாங்கினவன் தானாகத் திரும்பி வந்தான். முதலில் ஓசி, பிறகு விலை. வலி போய் வெகு காலம் ஆகியும் சிவகுமார் போய்க்கொண்டிருந்தான்.

சந்திரிகா அதைக் கண்டுபிடித்தது கண் சிவப்பை வைத்தோ கை நடுக்கத்தை வைத்தோ அல்ல. ஒருநாள் வைத்தி சொன்ன விலையை அவன் அப்படியே எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் கங்கையம்மாளிடம் போய், "நாத்தனாரே, இவருக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள்.

"ஜொரமா?"

"வெல பேசாம ஒரு பொருள வாங்கறாரு."

கங்கையம்மாள் கையிலிருந்த தாழ்ப்பாளைக் கீழே வைத்தாள். "அய்யய்யோ" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவர்கள் என்ன செய்வது என்று யோசித்து முடிப்பதற்குள் போலீஸ் செய்தது. இரும்புலியூர் சுரங்கப்பாதைப் பக்கம் நிறுத்தித் தடவியபோது சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. போதை மாத்திரை என்று கேஸ் ஆனது. ஜாமீனில் வெளியே வந்தான். வெளியே வந்த மறுநாளே வைத்தியிடம் போய் வந்தான். அது சந்திரிகாவுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

இலவசச் சட்ட உதவியிலிருந்து வந்தவர் வக்கீல் ஜெபசீலன். கிழக்குத் தாம்பரத்தில் வீடு, சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத வக்கீல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஷயத்தைச் சொல்ல வீட்டுக்கே வந்தார். கங்கையம்மாள் அன்று காலைதான் கோவளத்தில் படகு கரையேறும் இடத்துக்கே போய், மீன்காரிக்கு ஆயுசு குறையும் அளவுக்குப் பேசி, சங்கரா மீன் வாங்கி வந்திருந்தாள். குழம்பு வாசனை தெருமுனை வரை போய்க்கொண்டிருந்தது. ஜெபசீலன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

"பிடிச்சது கம்மி அளவு. விக்கிறதுக்கு இல்ல, சொந்த உபயோகத்துக்குன்னு போலீஸே எழுதியிருக்காங்க" என்றார், முள் எடுத்தபடி. "அதனால சட்டத்துல ஒரு வழி இருக்கு. அவரே விரும்பி, அரசாங்கம் ஒத்துக்கிட்ட போதை மறுவாழ்வு மையத்துல சேர்ந்து, சிகிச்சையை முழுசா முடிச்சா, இந்தக் கேஸை நடத்தவே மாட்டாங்க. ஜெயில் கிடையாது."

"முடிக்கலேன்னா?" என்றாள் சந்திரிகா.

"கேஸ் திரும்ப வரும். அப்ப ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்."

கங்கையம்மாள் இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள். "எவ்ளோ நாளு உள்ள இருக்கணும் சார், அந்த எடத்துல?"

"டாக்டர் பார்த்துதான் சொல்லணும். சில மாசம் ஆகும். அப்புறம் வெளியில இருந்தே போய்ட்டு வரணும்."

"செரி. அது அவுங்க சொல்றது. முடிவு வெல இன்னா?"

ஜெபசீலன் மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார். "அக்கா, இது விலை இல்ல."

"எல்லாம் வெல தான் சார். நாளுங்கறது இன்னா, துட்டு மாதிரி தான். நீங்க கொஞ்சம் எறக்கிப் பேசுங்க."

"முக்கியமான ஒண்ணே ஒண்ணு சொல்றேன்" என்று அவர் சிவகுமாரைப் பார்த்தார். "ஜட்ஜ் அம்மா உங்களைத்தான் கேப்பாங்க. உங்களுக்கு விருப்பமான்னு. நான் சொன்னா போதாது, உங்க வீட்டம்மா சொன்னாலும் போதாது. நீங்களே உங்க வாயால சொல்லணும்."

சிவகுமார் கூரையைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம் சார்" என்றான்.

அவர் போனதும் கங்கையம்மாள் வாசல் கதவைச் சாத்தினாள். "தங்கமான ஆளு. அதான் பயமா கீது. போன வருஷம் நம்ம கடையில டேபிள் ஃபேன் வாங்கினாரு, நெனவு கீதா? கேட்ட வெலய குடுத்துட்டு, தேங்ஸ் வேற சொல்லிட்டுப் போனாரு. இன்னும் கொஞ்சம் சேத்து சொல்லியிருக்கலாமேன்னு எனுக்கு ஒரு வாரம் தூக்கமே வர்ல. அந்தாளு போய் நமக்காக பேரம் பேசப் போறாராம்."

"நாத்தனாரே, அது கோர்ட்டு" என்றாள் சந்திரிகா.

"இருக்கட்டும். கடையில ஒக்காந்துகினு கீறவங்க ஒருத்தர், எதிர்ல நிக்கிறவன் ஒருத்தன். எனுக்குத் தெரிஞ்சு அது கடை தான். டேய் சிவா, கேளு. மொத தபா கேட்டவொடனே தலைய ஆட்டாத. வேண்டா வெறுப்பா நில்லு. அப்பாலிக்கா திரும்பி நட. கூப்புடுவாங்க. கூப்ட்டா நாளு பாதியா கொறஞ்சிடும்."

சிவகுமார் தலையாட்டினான். அந்த யோசனை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏன் அவ்வளவு பிடித்தது என்பதை சந்திரிகா மட்டும் யோசித்தாள்.

தாம்பரம் கோர்ட்டில் டவாலி மூன்று முறை பேரைக் கூப்பிட்டார். மூன்றாவது முறைக்குத்தான் சிவகுமார் எழுந்தான். முதல் கூப்பாட்டுக்கே எழுந்தால் அவசரம் என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா. கூண்டில் ஏறி நின்றான். ஜெபசீலன் எழுந்து மனுவைப் பற்றிச் சொன்னார். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவனைப் பார்த்தார்.

"சிவகுமார், நீங்களா விரும்பித்தான் இந்தச் சிகிச்சைக்குப் போறீங்களா?"

தலைக்கு மேல் விமானம் எதுவும் இல்லை. கோர்ட் ஃபேன் ஒன்று கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சிவகுமார் சொன்னான்:

"அப்டி ஒண்ணும் அவசரம் இல்லம்மா. வேற எடத்துலயும் விசாரிச்சுட்டு சொல்றேன்."

"வேற எந்த இடத்துல?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் எதிராளி "செரி, எவ்ளோ தருவ?" என்றுதான் கேட்பான். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கங்கையம்மாள் முந்தானையைச் சரிசெய்வது போலக் கையை அசைத்தாள். நட என்று அர்த்தம்.

சிவகுமார் கூண்டிலிருந்து இறங்கினான். திரும்பி நடந்தான். மெதுவாக, செருப்பு வாசலில் இருப்பதால் சத்தமில்லாமல், சந்தையில் கிராக்கிகள் நடப்பார்களே, காதைப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்த நடை. பெஞ்சைத் தாண்டினான். கதவை நெருங்கினான். கொய்யாப்பழ வண்டி இருக்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"மனுதாரருக்கு விருப்பம் இல்லை போல. அடுத்த வாய்தாவுல கடைசியா ஒரு தடவை கேக்கறேன். இல்லேன்னா கேஸை நடத்த வேண்டியதுதான். அடுத்து யாரு?"

டவாலி வேறு யாரோ ஏகநாதனைக் கூப்பிட்டார்.

வெளியே டீக்கடையில் ஜெபசீலன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஜட்ஜ் முன்னால அழுதவங்களைப் பார்த்திருக்கேன். பொய் சொன்னவங்களைப் பார்த்திருக்கேன். மயக்கம் போட்டு விழுந்தவர் ஒருத்தர். வேற கடையில விசாரிச்சுட்டு வர்றேன்னு சொன்னவரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"அந்தம்மா பெரிய யாவாரி சார்" என்றாள் கங்கையம்மாள். அவள் குரலில் தோற்றவளின் மரியாதை இருந்தது. "கூப்புடவே இல்ல பாத்தீங்களா. கல்லு மாதிரி ஒக்காந்துகினு கீது."

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையில் மழை. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைச் சந்திரிகா துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கிராக்கி குறைவு. சிவகுமார் ஒரு மிக்ஸியின் அடிப்பக்கத்தைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். திருப்புளி திருகாணிக் குழியில் நிற்கவில்லை, நழுவி நழுவிப் போனது. எதிரே வைத்தி புறாக் கூண்டுகளுக்கு நடுவில் குடை பிடித்து உட்கார்ந்து, இவனைப் பார்த்துச் சிரித்தான்.

சந்திரிகா கட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து திருப்புளியை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா? நம்ம கடைக்கு ஒருத்தன் வாராவாரம் வருவானே, மஞ்ச பையி. எல்லாத்தையும் தொட்டுப் பாப்பான், எல்லாத்துக்கும் வெல கேப்பான், பாதி வெலைக்கு நீ ஒத்துக்கினாக்கூட ஏதாச்சும் சொல்லிட்டுப் போயிடுவான்."

"வேடிக்கை கிராக்கி. அவனுக்கு இன்னா?"

"அன்னிக்கு கோர்ட்ல நீ பேரம் பேசல. வாங்கற எண்ணமே இல்லாம நின்ன. நாத்தனார் சொன்னது உனக்கு நல்ல சாக்கு."

சிவகுமார் மேலே பார்த்தான். மழையில் விமானம் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. "பயமா கீது சந்திரி" என்றான். "அது இல்லாம காலைல எப்டி எழுந்திருப்பேன்னு தெரில. அங்க போய் முடியலன்னா? அதுக்கு, எனுக்கு வோணாம்னு இப்பவே சொல்லிட்டா, தோத்தா மாதிரி இருக்காதுல்ல."

"இப்ப ஜெயிச்சிகினு கீறியா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஒரு கறுப்புக் குடை தார்ப்பாய்க்குள் நுழைந்தது. ஜெபசீலன். வாய்தா தேதியை மறந்துவிடக் கூடாதே என்று நேரில் சொல்ல வந்திருந்தார். சொல்லிவிட்டுத் திரும்பும்போது சந்திரிகா கையிலிருந்த மிக்ஸியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, எங்க வீட்ல இருந்த அதே மாடல். எனக்கு இது வேணும்" என்றார், நல்ல சர்ச் குரலில்.

பக்கத்துக் கடைகள் திரும்பிப் பார்த்தன. கங்கையம்மாள் அண்டாவைத் தாண்டி ஓடி வந்தாள்.

"சார், மெதுவா பேசுங்க. இப்டி வாய தொறந்து சொன்னா எவனாச்சும் வெல கொறைப்பானா? மொகத்த அப்டி வெச்சிக்காதீங்க, கொழந்த மாதிரி."

"எனக்கு வேணும்தானேக்கா? வேணும்ங்கறதை வேணும்னு சொல்றதுல என்ன?"

"சொன்னா வெல ஏறும்."

"இங்க ஏறும்" என்றார் ஜெபசீலன், மிக்ஸியைத் தடவிக்கொண்டே. "கோர்ட்ல அப்படி இல்லக்கா. அந்த ஒரு கடையில மட்டும், வேணும்னு சொன்னாத்தான் இறங்கும். வேணாம்னு முகத்தைத் திருப்பினா ஏறிக்கிட்டே போகும்."

கங்கையம்மாள் பிறந்ததிலிருந்து கேட்டறியாத வியாபாரம் அது. "உல்ட்டாவா?" என்றாள்.

"உல்ட்டாதான்."

"அத்த அன்னிக்கு மீன் துன்னும்போதே சொல்லியிருக்கக் கூடாதா சார் நீங்க?"

சிவகுமார் சிரித்துவிட்டான். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. சந்திரிகா மிக்ஸியைத் திருகாணி போட்டு மூடி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, பையில் போட்டுக் கொடுத்தாள். விலை கங்கையம்மாள் சொன்னாள். அன்று அவள் சொன்னது நியாயமான விலை. அதை நினைத்தும் அவளுக்கு ஒரு வாரம் தூக்கம் வந்திருக்காது.

வாய்தா நாளில் டவாலி முதல் முறை பேரைச் சொன்னபோதே சிவகுமார் எழுந்துவிட்டான். கூண்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப என்ன சொல்றீங்க? மத்த இடத்துல எல்லாம் விசாரிச்சாச்சா?" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. அவருக்கு நினைவிருந்தது.

அவன் ஃபேனைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தான். உதடு அசைந்தது. அந்தச் சொல் அந்தக் குடும்பத்தில் யாருடைய தொண்டையிலும் இதுவரை வழி பார்த்ததில்லை. பின்னால் கங்கையம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சந்திரிகா அசையவில்லை.

"வேணும்மா" என்றான்.

"கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, எழுதணும்."

சத்தமாக என்றால் சிவகுமாருக்கு ஒரே சத்தம்தான் தெரியும். கொய்யாப்பழ வண்டிக்கு எட்டுகிற சத்தம்.

"எனுக்கு வேணும்."

ஜன்னலில் உட்கார்ந்திருந்த காகம் பறந்தது. வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டைப் அடிக்கிற பெண் கையை எடுத்து அவனைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள்.

மாஜிஸ்திரேட் அம்மா உத்தரவைச் சொன்னார். எல்லாம் முடிந்து சிவகுமார் இறங்கிக் கதவுப் பக்கம் நடந்தபோது, "சிவகுமார், கொஞ்சம் நில்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கங்கையம்மாள் சந்திரிகாவின் தொடையில் கிள்ளினாள். "கூப்ட்டுச்சு பாத்தியா. இன்னா இருந்தாலும் கூப்ட்டுச்சு."

"பாதியில எழுந்து நடந்துடாதீங்க" என்றார் அந்த அம்மா. "அங்கிருந்து நடந்தா யாரும் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. கேஸ்தான் கூப்பிடும்."

மையம் கோவளம் போகும் வழியில் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. முதல் வாரங்கள் சொல்லும்படியாக இல்லை. வாந்தி, வேர்வை, எலும்புக்குள் எறும்பு. ஒரு விடியற்காலை கேட் வரை நடந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தானாகவே திரும்பி வந்து படுத்துக்கொண்டான் என்று அங்கே ஆலோசகராக இருந்த கெசியா பிறகு சந்திரிகாவிடம் சொன்னாள். இடுப்புக்கு நிஜமான வைத்தியமும் அங்கேதான் நடந்தது.

தேறியபின் வேறு தொல்லை. வாய் திறந்துவிட்டது. "சிஸ்டர், எனுக்கு இன்னொரு டீ வேணும்", "ஜன்னலோரக் கட்டில் வேணும்", பார்க்கப் போன நாளில் எல்லார் முன்னாலும், "சந்திரி, நீ இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும், எனுக்கு வேணும்" என்றான். சந்திரிகா கூச்சத்தில் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டாள். கங்கையம்மாள் வறுத்த மீனைப் பிரித்து வைத்துவிட்டு, "இங்க எப்டி பேசறதுன்னு இன்னா கத்துக் குடுக்கறாங்களோ" என்றாள் கவலையுடன்.

கவலை பலித்தது. சிகிச்சை முடிந்து, கேஸும் முடிந்து, சிவகுமார் சந்தைக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை ஒரு கிராக்கி ஃபேனைத் தொட்டது. விலை கேட்டது. கோபித்துக்கொண்டு நடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் சிவகுமார், "அண்ணா, வாண்ணா, எனுக்கு இன்னிக்கு யாவாரம் ஆவணும்" என்று கூப்பிட்டுவிட்டான்.

கங்கையம்மாள் தலையில் கை வைத்தாள். "வியாதிய எடுக்கச் சொன்னா யாவாரத்தையும் சேத்து எடுத்துட்டாங்களே."

"வுடு அக்கா. பழகிக்கலாம்."

மத்தியானம் வெயில் இறங்கும் நேரம் வைத்தி எழுந்து வந்தான். கையில் ஒரு வெள்ளைப் புறா. அதைத் தடவிக்கொண்டே ஸ்டூல் அருகில் குந்தினான்.

"இன்னா மச்சான், எளச்சிட்ட. இடுப்பு எப்டி கீது?"

"கீது."

"இந்தா." மற்றொரு கை சட்டைப் பைக்குள் போய் வந்தது. "உனுக்கு மட்டும் ஓசி. பழைய ஆளு."

சந்திரிகா டெஸ்டரைக் கையில் பிடித்தபடி நின்றாள். கங்கையம்மாள் அண்டாவுக்கு மேலே தலையைத் தூக்கினாள். பதில் அவர்கள் சொல்லும் இடம் அது இல்லை.

சிவகுமார் மெதுவாகத் தலையை நிமிர்த்தினான். மேலே ஒரு விமானம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் எழுதியிருந்ததைப் படிப்பவன் போலப் பார்த்தான். பழைய முகம். எங்கே போயிருந்ததோ, ஒரு குறையும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

"வோணாம்" என்று கொட்டாவி விட்டான்.

வைத்தி சிரித்தான். எழுந்தான். புறாவைத் தோளில் வைத்துக்கொண்டு, மெதுவாக, காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தான். தாழ்ப்பாள் கடையைத் தாண்டினான். பழைய டயர்க் குவியலைத் தாண்டினான். கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. ஒரு பழத்தை எடுத்து முகர்வது போலக் கொஞ்சம் நின்றான்.

சிவகுமார் விமானம் தரையிறங்கும் சத்தம் கேட்கும் வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

வைத்தி பழத்தை வைத்துவிட்டு நடந்தான். கூட்டம் அவனை விழுங்கியது.

"அந்த மூஞ்சி இன்னும் கீதுடா உன்கிட்ட" என்றாள் கங்கையம்மாள், பெருமூச்சோடு. "கிராக்கி வரும்போதும் கொஞ்சம் எடுத்து மாட்டு."

"சந்திரி" என்றான் சிவகுமார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனுக்கு ஒரு கொய்யா வேணும்."

"எங்கிட்ட ஏன் கத்தற? வண்டிக்காரன் காதுல வுழுந்தா வெல ஏத்திடுவான்" என்று சொல்லிவிட்டு சந்திரிகா வண்டிக்குப் போனாள். இரண்டாக வாங்கி வந்தாள். வண்டிக்காரன் சொன்ன விலைக்கே.